திருமுறைகள் காட்டும் அடியார் குலமும் யாழ்ப்பாணத்துச் சாதி வழக்கும்

மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலின் தல வரலாற்றை அறியாத சைவர் யாழ்ப்பாணத்தில் இலர். குதிரை முகத்தோடு வந்த சோழ இளவரசி மாருதப்புரவீகவல்லி கீரிமலைத் தீர்த்தமாடி முகம் மாறப்பெற்றாள். அந்த மா முகம் விட்ட இடமே மாவிட்டபுரம் என்பர். பிறர் கண்டு ஒதுங்கும் உருவத்தோடு வந்தவளை ஏற்றுக்கொண்ட தலம் அது. அதே தலத்தின் வாயிலில் 1968ஆம் ஆண்டு மகோற்சவ காலத்தில், தாழ்த்தப்பட்டோர் எனப்பட்ட மக்கள் உள்ளே சென்று வழிபட அனுமதி கேட்டு நின்றனர். வாயில் அடைக்கப்பட்டது. அடைத்து நின்றவர்களுக்குத் தலைமை தாங்கியவர் கணிதப் பேராசிரியரும் முன்னாள் அமைச்சருமான சி. சுந்தரலிங்கம் ஆவார். 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டத்தின் கீழ் அவர்மேல் தொடரப்பட்ட வழக்கு இலண்டன் பிரிவிக் கவுன்சில் வரை சென்றது.

அன்று வாயிலை அடைத்தோர் சொன்ன காரணம் ஆகமமும் வழமையும் என்பதாகும். கற்றவர் பலர் அதனை நம்பினர். ஆகவே நூல்கள் உண்மையில் என்ன சொல்கின்றன என்று பார்ப்பது சைவர் கடன்.

இருக்கு வேதத்தின் பத்தாம் மண்டலத்தில் உள்ள புருட சூக்தம் நான்கு வருணங்களைக் கூறுகின்றது. தீண்டத்தகாதார் என்றொரு பிரிவினர் அதில் இல்லை. பிற்காலத்து மனுதர்ம சாத்திரம் கடுமையான விலக்குகளைக் கூறுகின்றது. இதை மறைப்பதால் பயனில்லை. ஆயினும் மனு சொன்னபடியே நடப்பதாயின், யாழ்ப்பாணத்துக் கோயில்களை நிருவகித்துவந்த குலத்தாருக்கே வேதத்தைக் காதாற் கேட்கவும் உரிமையில்லை. அந்நூல் அவர்களையும் நாலாம் வருணத்தில்தான் வைக்கும். தமக்கு மேலுள்ள வரியை விட்டுத் தமக்குக் கீழுள்ள வரியை மட்டும் பிடித்துக்கொள்வது நூல்வழி நடத்தலாகாது.

ஆகமங்களிலும் பத்ததிகளிலும் இன்னார் இன்ன இடத்தில் நின்று தரிசிக்கவேண்டும் என்னும் விதிகள் உண்டு. தீட்சை பெற்ற அடியாரின் முன்னைச் சாதியைச் சுட்டுவதே குற்றம் என்னும் பகுதிகளும் சைவ தந்திர நூல்களுள் உண்டு. இரண்டும் இருக்கும்போது எதை எடுப்பது என்பதை மனிதரே முடிவு செய்கின்றனர். யாழ்ப்பாணம் ஒன்றை எடுத்தது. அதற்கான காரணத்தை ஆகமத்தில் தேடுவதிலும் ஒல்லாந்தர் 1707இல் நடைமுறைப்படுத்திய தேசவழமைத் தொகுப்பில் தேடுவது நன்று. அதில் காணி, சீதனம், ஈடு முதலியவற்றோடு அடிமைகள் பற்றியும் விதிகள் உள. மனிதரை மனிதர் உடைமையாக வைத்திருந்த ஊர் இது. 1844இல் அடிமைமுறை சட்டத்தால் ஒழிந்தது. காணியும் கிணறும் கோயிலும் யார் கையில் இருந்தனவோ அவர் கையிலேயே தொடர்ந்து இருந்தன.

இனி, நம் கோயில்களில் ஓதப்படும் திருமுறைகளுக்கு வருவோம். நோயால் உடல் சிதைந்தவரும், ஆவின் தோலுரித்து உண்பவரும் சிவபெருமானுக்கு அன்பராயின் அவரே தாம் வணங்கும் கடவுள் என்று அப்பர் சுவாமிகள் ஆறாந் திருமுறையில் பாடினார். சாத்திரம் பேசிக் கோத்திரமும் குலமும் பாராட்டுவோரை ஐந்தாந் திருமுறையில் அவரே கடிந்தார். இவை வீட்டில் ஓதும்போது ஒரு பொருளும் வாயிலில் நிற்கும்போது வேறொரு பொருளும் தருவன அல்ல.

பெரியபுராணத்தில் வேடர், குயவர், வண்ணார், மீனவர், பாணர், புலையர் எனப் பல குலத்தாரும் நாயன்மாராய் விளங்குகின்றனர். இவர்களுள் திருநாளைப்போவார் சரிதமே எல்லார்க்கும் நினைவில் நிற்பது. பண்ணையாரான பிராமணர் அவரை வருத்திய கதை சேக்கிழார் வாக்கில் இல்லை. அது பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் சேர்த்தது. சேக்கிழார் காட்டும் நந்தனார் கோயில் முரசுக்குத் தோலும் யாழுக்கு நரம்பும் கொடுத்துத் தாம் வெளியே நின்றவர். தில்லையில் தீயில் மூழ்கி, பூணூல் அணிந்த முனிவர் வடிவாய் எழுந்த பின்னரே உள்ளே சென்றார். இச்சரிதத்தை வாயிலைத் திறக்கச் சொல்பவரும் காட்டலாம். மூடச் சொல்பவரும் காட்டலாம். ஆதலின் இதனோடு நின்றுவிடுவது போதாது.

திருநீலகண்ட யாழ்ப்பாணர் சரிதத்தில் தீ வேறு விதமாய் எரிகின்றது. பாணர் குலத்தவராகிய இவர் மதுரைத் திருக்கோயில் வாயிலின் புறத்தே நின்று யாழிசைத்தார். இறைவன் தொண்டர்களின் கனவிலே தோன்றி ஆணையிட, அவர்கள் அவரைத் திருமுன்பு அழைத்துச் சென்றனர். நிலத்தின் ஈரத்தால் யாழின் நரம்பு தளரும் என்று பொற்பலகையும் இடச்செய்தான் இறைவன். திருவாரூரில் அவர் உட்புகுந்து வழிபட வடதிசையில் வேறு வாயிலே வகுத்தான். வேறு வாயில் என்பதும் ஒரு வகைப் பிரிவுதானே என்று கேட்கலாம், கேள்வி நியாயமானது. அதற்கு விடை சாத்தமங்கையில் கிடைக்கின்றது.

திருஞானசம்பந்தர் யாழ்ப்பாணரோடு சாத்தமங்கைக்கு எழுந்தருளினார். அவ்வூர்த் திருநீலநக்க நாயனார் வேதவேள்வி செய்யும் அந்தணர். இரவாயிற்று. யாழ்ப்பாணர் தங்க ஓரிடம் கொடும் என்றார் பிள்ளையார். நீலநக்கர் திண்ணையைக் காட்டவில்லை. வீட்டின் நடுவிலுள்ள வேள்வி வேதிகையின் பக்கத்திலே இடங்கொடுத்தார். அங்கே பாணரும் அவர் மனைவியாரும் துயின்றனர். வேதிகையில் இருந்த தீ அணையவில்லை, வலஞ்சுழித்து மேலெழுந்தது. இங்கே பாணர் தீயில் மூழ்கவேண்டியிருக்கவில்லை. வேறு வடிவம் எடுக்கவேண்டியிருக்கவில்லை. பாணராய் வந்தார், பாணராகவே உறங்கி எழுந்தார்.

ஆறுமுக நாவலர் பெரியபுராணத்தை வசனமாக்கி 1852இல் அச்சிட்டதால் இச்சரிதம் புலவர் ஏட்டிலிருந்து ஊர்மக்கள் கைக்கு வந்தது. நாவலர் சாதி வரம்பை ஏற்றே எழுதியவர். அதைச் சொல்வது அவர் தொண்டுக்கு இழுக்காகாது. அவர் கொடுத்த நூலே அவர் நின்ற இடத்துக்கு அப்பாலும் வழிகாட்டுகின்றது.

1950களில் நல்லூர், வண்ணார்பண்ணைப் பெருங்கோயில்கள் திறக்கப்பட்டன. மாவிட்டபுரத்துப் போராட்டத்தின் பின் வேறு பல கோயில்களும் ஒவ்வொன்றாய்த் திறந்தன. ஆயினும் 2018இல் தென்மராட்சி வரணியில், எல்லோரும் வடம் பிடிப்பதை விரும்பாது, ஒரு கோயிலின் தேரை மண் அள்ளும் இயந்திரத்தால் இழுத்த செய்தி பத்திரிகைகளில் வந்தது. தேர்வடம் பல கை பிடிப்பதற்கென்றே நீளமாய்த் திரிக்கப்படுவது.

வைகாசி மூலம் சம்பந்தர் குருபூசை என்றே பலரும் அறிவர். திருநல்லூர்ப் பெருமணத்தில் அவர் கலந்த சோதியில் உடன் கலந்தவர்களுள் சாத்தமங்கை அந்தணர் நீலநக்கரும் திருப்புகலூர் முருக நாயனாரும் யாழ்ப்பாணரும் இருந்தனர். ஆதலின் அந்நால்வருக்கும் குருபூசை நாள் ஒன்றே. நாயன்மார் திருவுருவங்கள் உள்ள கோயில்களில் அன்று அந்தணருக்கும் பாணருக்கும் ஒரே வேளையில் அபிடேகம் நடக்கும். ஒரே தீபம் காட்டப்படும்.