மீனுக்கு முன் குடியேற வேண்டியவை

புதிதாகத் தொட்டி அமைக்கும் இளம் வளர்ப்பாளருக்கு,

கண்ணாடித் தொட்டியில் நன்னீர் நிரப்பி, மணல் பரப்பி, செடி நட்டு, ஏர் பம்பையும் ஓடவிட்ட பின் அங்கே குறைவது மீன் மட்டுமே என்று தோன்றினாலும், மீனுக்கு முன்பே குடியேறியிருக்க வேண்டிய நுண்ணுயிர்க் கூட்டம் அத்தொட்டிக்கு இன்னும் வந்து சேரவில்லை. அக்கூட்டத்தை வளர்த்தெடுக்கும் வேலையையே வளர்ப்பாளர்கள் தொட்டியைச் ‘சைக்கிள்’ செய்தல் என்கின்றனர். கொளத்தூர்க் கடைவீதியில் தொட்டியையும் கோல்டு ஃபிஷ்ஷையும் ஒரே நாளில் வாங்கிச் செல்லும் வீடுகளில், நோய் என்றும் ராசி என்றும் சொல்லப்படும் சாவுகள் பலவும் இவ்வேலையைத் தவிர்த்ததால் நேர்பவை.

மீன் தன் உடலில் புரதம் சிதைவதால் உண்டாகும் நைட்ரஜன் கழிவைப் பெரும்பாலும் செவுள்களின் வழியே அம்மோனியாவாக வெளியேற்றுகிறது; தின்னாமல் அடியில் தங்கிய தீனியும் அழுகும் இலையும் மேலும் அம்மோனியாவைச் சேர்க்கின்றன. நீரில் இது, செவுளுக்குள் எளிதில் ஊடுருவும் நச்சு வடிவமாகிய அம்மோனியா என்றும், அதைவிடத் தீங்கு மிகக் குறைந்த அம்மோனியம் என்றும் இரண்டாகப் பிரிந்து நிற்க, எது எவ்வளவு என்பதை வெப்பமும், அமில காரத் தன்மையின் அளவாகிய பி.எச். மதிப்பும் முடிவு செய்கின்றன. 25 டிகிரி செல்சியஸில் பி.எச். 7 ஆக இருக்கையில் நச்சு வடிவம் நூற்றில் ஒரு பங்கைக்கூட எட்டாது, பி.எச். 8 ஆனதும் அது ஏறத்தாழ ஐந்து பங்காகிவிடும். எனவே காரம் மிகுந்த போர் தண்ணீரை நம்பியிருப்பவருக்கு ஆபத்து கூடுதல்.

அம்மோனியாவை ஒருவகை நுண்ணுயிர்கள் நைட்ரைட்டாகவும், அந்த நைட்ரைட்டை வேறுவகை நுண்ணுயிர்கள் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இடையில் நிற்கும் நைட்ரைட்டும் நச்சே: அது இரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜன் சுமக்க இயலாத வடிவமாக மாற்றிவிடுவதால், குமிழி நிறைந்த நீரிலும் மீன் மேற்பரப்பில் வாய் பிளந்து மூச்சுக்குத் தவிக்கும். கடைசி விளைபொருளான நைட்ரேட், மிகுதியாகச் சேராதவரை பெருந்தீங்கு செய்யாது. இரண்டாம் மாற்றத்தைச் செய்வது நைட்ரோபேக்டர் என்றே நெடுங்காலம் எழுதப்பட்டு வந்தது. நன்னீர்த் தொட்டிகளில் அவ்வேலையைச் செய்வது நைட்ரோஸ்பைரா என்பதை டிமோதி ஹோவனெக்கும் அவருடன் பணியாற்றியோரும் 1998இல் காட்டினர். இரு மாற்றங்களையும் தனியே செய்து முடிக்கும் நைட்ரோஸ்பைரா இனங்களும் உண்டென 2015இல் தெரியவந்தது. பெயர்கள் மாறினாலும் காத்திருப்பு மாறவில்லை. உகந்த சூழலில் ஈ.கோலை 20 நிமிடங்களில் இரட்டிக்கும் என்றால், இவ்வுயிர்கள் இரட்டிக்கப் பல மணி நேரம், சில வேளைகளில் ஒரு நாளுக்கு மேலும் ஆகும். அதனால்தான் சைக்கிள் முடிய வழக்கமாக நான்கு முதல் ஆறு வாரங்கள் பிடிக்கின்றன.

அக்காலத்தில் நுண்ணுயிர்களுக்கு உணவு தேவை. அதற்கென மீனைப் பலியிடத் தேவையில்லை. பாத்திரத்துக்கு ஈயம் பூசுவோர் கையாளும் நவச்சாரமே வேதியியலில் அம்மோனியம் குளோரைடு எனப்படுவது. ஆயினும் கடைக் கட்டியில் கலப்பு இருக்கக்கூடும் என்பதால் ஆய்வகத் தரமுடையதையே கொள்ள வேண்டும். 100 லிட்டர் நீரில் 0.63 கிராம் கரைத்தால் லிட்டருக்கு 2 மில்லிகிராம் அம்மோனியா கிடைக்கும். 5 மில்லிகிராமைத் தாண்டவிட்டால் மிகையே தடையாகும். இவ்வுயிர்கள் நீரில் மிதப்பதைவிட ஸ்பாஞ்சிலும் கல்லிலும் படலமாக ஒட்டியே வாழ்வதால், பழைய தொட்டியின் நீரைக் குடத்தில் கொண்டுவந்து ஊற்றுவதால் பயன் மிகக் குறைவு. நோயற்ற பழைய தொட்டியின் ஃபில்டர் ஸ்பாஞ்சை ஈரம் காயாமல் கொண்டுவந்து இடுவதோ, பாலுக்கு உறை ஊற்றுவது போல, வாரக் கணக்கைக் குறைத்துவிடும். புட்டியில் விற்கப்படும் பாக்டீரியாவும் உதவக்கூடும். ஆனால் இவ்வினங்கள் வித்துறை கட்டி உறங்கத் தெரியாதவையாதலால், வெயிலில் கிடந்த புட்டியில் உயிருள்ளவை எத்தனை என்பதை அதன் சீட்டு சொல்லாது.

அதைச் சொல்லக்கூடியது சோதனைக் குழாய் ஒன்றே. அம்மோனியாவுக்கான துளிகளை விட்ட நீர் மஞ்சளாகவே நின்றால் அம்மோனியா இல்லை, பச்சை ஏற ஏற அளவு மிகுதி என்பது பெரும்பாலான டெஸ்ட் கிட்களின் முறை. நைட்ரைட் நிறம் அட்டையின் கடைசிக் கட்டத்தையும் மிஞ்சிவிட்டால், ஒரு பங்கு தொட்டி நீரோடு நான்கு பங்கு காய்ச்சி வடித்த நீரைச் சேர்த்துச் சோதித்து, விடையை ஐந்தால் பெருக்கிக்கொள்ள வேண்டும். முதலில் அம்மோனியா இறங்க நைட்ரைட் ஏறுவதும், பின்னர் அதுவும் இறங்க நைட்ரேட் ஏறுவதும் குறிப்பேட்டில் தேதியோடு பதிவாக வேண்டும்.

இடையில் வேலையைக் கெடுப்பவை சில. குழாய் நீரின் குளோரின் நுண்ணுயிரைக் கொல்லும் என்பதால், ஆன்ட்டி குளோரின் துளிகள் விடாத நீர் தொட்டிக்குள் போகக் கூடாது. அழுக்கேறிய ஸ்பாஞ்சையும் குழாயடியில் கசக்காமல், வாளியில் எடுத்த தொட்டி நீரில் அலசுவதே முறை. இம்மாற்றம் நீரின் கார்பனேட்டைத் தின்று அமிலத்தை விடுவதால், கார்பனேட் நீங்கிய ஆர்.ஓ. நீரை மட்டும் ஊற்றிய தொட்டியில் பி.எச். சரிந்து, 6ஐ ஒட்டி வந்ததும் வேலை ஏறக்குறைய நின்றுவிடும். சிறிது சமையல் சோடா அதை மீட்கும். மின்வெட்டு நீளும்போது ஆக்சிஜனின்றி முதலில் தவிப்பது மூடிய ஃபில்டருக்குள் இருக்கும் இக்கூட்டமே என்பதால், பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று கைவசம் இருப்பது நலம்.

லிட்டருக்கு 2 மில்லிகிராம் அம்மோனியா இட்டு 24 மணி நேரம் கழிந்த பின் அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் சுழியம் காட்டினால் தொட்டி தயார். வாரங்கள் எத்தனை ஓடின, நீர் எவ்வளவு தெளிந்தது என்பவை சான்றாகா. அதன்பின் சேர்ந்த நைட்ரேட் குறைய நீரில் பாதிக்கு மேல் மாற்றி, காலந்தாழ்த்தாமல் மீனை விட வேண்டும். உணவின்றி விட்ட கூட்டம் நாளடைவில் மெலிந்துவிடும். சில கப்பிகளோடு தொடங்கி, இரு வாரங்கள் சோதனையைத் தொடர்ந்து, அளவுகள் சுழியத்தில் நிலைக்கக் கண்ட பின்னரே அடுத்த மீனுக்காகக் கடைக்குச் செல்வது, வளர்ப்பைத் தொழிலாகக் கொள்ள விரும்புவோர் முதலில் பழக வேண்டிய ஒழுங்காகும்.

நல்வாழ்த்துகளுடன்,
மூத்த வளர்ப்பாளர் ஒருவர்