செவிலியர் பட்டப் படிப்பு: செலவு குறைந்த நல்ல கல்லூரியைத் தேடும் வழி

(வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் எழுதியது)

சென்ற கோடையில் ஒரு நாள் முற்பகல், தாயில்பட்டியில் சாலைப் பணியொன்றைப் பார்வையிட்டுக் கொண்டிருந்தேன். பட்டாசு ஆலையில் வேலை செய்யும் ஒருவர், பளபளப்பான விளம்பரத் தாளொன்றைக் கையில் பிடித்தவாறு என்னிடம் வந்தார். அவருடைய மகள் பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்றிருந்தாள்.

“ஐயா, இருபத்தையாயிரம் முன்பணம் கட்டினால் நர்சிங் சீட்டு உறுதி என்கிறார்கள். நாளைக்குள் கட்ட வேண்டுமாம். வீட்டுக்காரியின் சங்கிலியை அடகு வைக்கலாம் என்றிருக்கிறேன். கட்டலாமா?” என்று கேட்டார்.

“அந்தக் கல்லூரிக்கு ஆஸ்பத்திரி எங்கே இருக்கிறது?” என்றேன்.

“ஆஸ்பத்திரியா? காலேஜ்தானே ஐயா!” என்றார் அவர்.

அவர் அறியாமையால் அவ்வாறு கூறினார் என்று நான் எண்ணவில்லை. எவரும் அவருக்கு அதைச் சொன்னதில்லை. கிணறு வெட்டுவதற்கு எங்கே மானியம் கிடைக்கும், ஆட்டுக்குட்டிக்கு எப்போது தடுப்பூசி போட வேண்டும் என்பவற்றையெல்லாம் நம் ஊராட்சிகளில் விளக்கிச் சொல்கிறோம். ஒரு குடும்பம் தன் வாழ்நாளில் செய்யும் மிகப் பெரிய செலவுகளுள் ஒன்றாகிய உயர்கல்வியைப் பற்றி, தரகர் மாத்திரமே வீடு தேடி வந்து பேசுகிறார். ஆதலின் இப்பொருளைப் பற்றிச் சற்று விரிவாக எழுத விரும்புகிறேன்.

நம் பகுதிக்குச் செவிலியரின் தேவை எத்தகையது என்பதை முதலில் கூறுகிறேன். 2012-ஆம் ஆண்டு செப்டம்பரில் முதலிப்பட்டியில் நேர்ந்த வெடி விபத்தில் முப்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். 2021 பிப்ரவரியில் அச்சன்குளத்தில் இருபதுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். இவை நாடறிந்தவை, செய்தித்தாளில் இரண்டு வரியோடு நின்றுவிடும் விபத்துகள் வேறு. தீக்காயம் பட்டவரை முதலில் சிவகாசிக்கும், காயம் கடுமையாயின் மதுரை இராசாசி மருத்துவமனைக்கும் கொண்டு செல்கிறோம். அங்கே படுக்கையருகில் இரவு முழுவதும் நிற்பவர் செவிலியரே.

அவர் செய்யும் வேலையில் ஒரு கணக்கை மாத்திரம் எடுத்துக் கூறுகிறேன். தீப்பட்ட உடலிலிருந்து நீர்ச்சத்து விரைவாக வெளியேறும். அதை ஈடு செய்யாவிடில் சிறுநீரகம் செயலிழக்கும். அமெரிக்காவில் டாலஸ் நகரத்துப் பார்க்லண்ட் மருத்துவமனையில் 1960-களில் வகுக்கப்பட்ட வாய்பாடு ஒன்று இன்றும் பல இடங்களில் வழங்குகிறது. நோயாளியின் எடையைத் தீப்பட்ட பரப்பின் சதவீதத்தால் பெருக்கி, மீண்டும் நான்கால் பெருக்க வேண்டும். 50 கிலோ எடையுள்ள பெண்ணொருத்திக்கு உடலின் 30 சதவீதம் வெந்துபோயிற்று என்று கொள்வோம். 50-ஐ 30-ஆலும் 4-ஆலும் பெருக்க, 6,000 மில்லி லிட்டர் வருகிறது. அதாவது, முதல் 24 மணி நேரத்தில் ஆறு லிட்டர் திரவம் நரம்பு வழியே செல்ல வேண்டும். அதில் பாதி முதல் எட்டு மணி நேரத்துக்குள் செல்ல வேண்டும். அந்த எட்டு மணி நேரத்தை மருத்துவமனையை அடைந்த வேளையிலிருந்து எண்ணலாகாது. தீப்பட்ட வேளையிலிருந்தே எண்ண வேண்டும். வழியில் இரண்டு மணி நேரம் கழிந்திருந்தால், எஞ்சிய ஆறு மணி நேரத்தில் மூன்று லிட்டரும் சென்றாக வேண்டும். கட்டளையிடுபவர் மருத்துவர், மணிக்கு மணி சிறுநீரை அளந்து, போதாமையையும் மிகுதியையும் கண்டு அவருக்கு அறிவிப்பவர் செவிலியர். இந்தக் கணக்கைப் புத்தகத்தில் படித்தவளுக்கும், படுக்கையருகில் நின்று பலமுறை செய்து பார்த்தவளுக்கும் உள்ள வேற்றுமையை நான் விளக்க வேண்டியதில்லை.

நல்ல கல்லூரி என்பதன் பொருள் இங்கேதான் இருக்கிறது. செவிலியர் கல்லூரியின் தரம் கட்டடத்திலோ பேருந்திலோ இல்லை. மாணவி பயிலும் மருத்துவமனையில் எத்தனை நோயாளிகள் படுத்திருக்கிறார்கள் என்பதில் இருக்கிறது. பட்டப் படிப்பு நடத்தும் கல்லூரிக்கு 100 படுக்கையேனும் கொண்ட தாய் மருத்துவமனை வேண்டும் என்றும், ஒரு மாணவிக்கு மூன்று நோயாளிகள் வீதம் இருக்க வேண்டும் என்றும் இந்தியச் செவிலியர் குழுமம் விதித்திருக்கிறது. பெயருக்குப் பலகை மாட்டிய மருத்துவமனையும் உண்டு. ஆகவே கல்லூரியைப் பார்க்கப் போகிறவர்கள் முதலில் அதன் மருத்துவமனைக்குப் போங்கள். ஒரு வார நாளில் காலை பத்து மணிக்குப் புறநோயாளிகள் பகுதியில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தால், விளம்பரத் தாள் சொல்லாதவை பல விளங்கும்.

நிற்க. தரத்துக்கு முன்னதாகக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. படிப்பை முடித்தபின் தமிழ்நாடு செவிலியர் மற்றும் பேறுகாலச் செவிலியர் குழுமத்தின் பதிவேட்டில் மாணவியின் பெயர் ஏறுமா என்பதே அது. இந்தப் பதிவு முறை 1926-ஆம் ஆண்டுச் சென்னை மாகாணச் சட்டத்தின் வழி வந்தது. பதிவு இல்லாதவர் சட்டப்படி செவிலியர் ஆகார். அரசுப் பணிக்கு விண்ணப்பிக்கவும் இயலாது. வெளிநாட்டு வேலையை நினைக்கவும் முடியாது. அகில இந்திய அளவில் இதை மேற்பார்க்க 1947-இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி இந்தியச் செவிலியர் குழுமம் அமைந்தது. அதனிடத்தில் தேசிய ஆணையமொன்றை அமைக்க 2023-இல் புதிய சட்டம் இயற்றப்பட்டது. மேலே உள்ள அமைப்பின் பெயர் மாறினாலும், ‘பதிவாகுமா?’ என்னும் கேள்வி மாறாது.

இங்கே என் குறை ஒன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன், முன்பு பணியாற்றிய வட்டாரத்தில், ஓராண்டு ‘நர்சிங்’ பயிற்சி தரும் நிறுவனமொன்றின் ஆண்டு விழாவுக்கு அழைக்கப்பட்டுச் சென்று சான்றிதழ் வழங்கினேன். வெள்ளைச் சீருடையில் பெண்கள் வரிசையாக நின்றார்கள். எனக்கும் மகிழ்ச்சியாகவே இருந்தது. இரண்டு ஆண்டு கழித்து அவர்களுள் ஒருத்தி வேலைவாய்ப்பு முகாமுக்கு அதே சான்றிதழோடு வந்தாள். தங்க நிற ஓரம் வைத்த அந்தத் தாளில் எந்தக் குழுமத்தின் பெயரும் இல்லை. எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரும் இல்லை. அதை எந்தப் பதிவேடும் ஏற்காது என்பதை அவளிடம் நானே சொல்ல வேண்டியதாயிற்று. “நீங்கள்தானே ஐயா கொடுத்தீர்கள்?” என்று அவள் கேட்டாள். மேடை ஏறும் ஊராட்சிப் பிரமுகர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். நாம் மாலை போட்டுக்கொள்ளும் விழாவை ஊரார் அரசின் ஒப்புதலாகக் கருதிவிடுகிறார்கள்.

சட்டப்படி பதிவாகும் படிப்புகள் நம் மக்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியவை மூன்று. முதலாவது, துணைச் செவிலியர் பயிற்சி, இரண்டு ஆண்டு. அடுத்தது ‘ஜி.என்.எம்.’ எனப்படும் பட்டயப் படிப்பு, மூன்று ஆண்டு. மூன்றாவது பி.எஸ்ஸி. நர்சிங் பட்டம், நான்கு ஆண்டு, 2021 முதல் எட்டுப் பருவங்களாகப் பிரித்து நடத்தப்படுகிறது. பட்டயம் பெற்றவர் பின்னர் இரண்டு ஆண்டு மேற்படிப்புப் படித்துப் பட்டதாரி ஆகலாம். நேரடியாகப் பட்டப் படிப்பில் இடம் கிடைக்காவிடில், அரசுப் பள்ளியில் பட்டயம் முடித்து வேலையில் சேர்ந்து பின் பட்டம் பெறுவது கௌரவக் குறைவு அன்று. செலவு நோக்கில் மிகச் சிக்கனமான வழியும் அதுவே.

பட்டப் படிப்புக்கு வருவோம். நம் நாட்டில் இப்பட்டம் 1946-இல் தில்லியிலும் வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரியிலும் தொடங்கிற்று. இன்று தமிழ்நாட்டில் செவிலியர் கல்லூரிகள் ஏராளம்; அவை சென்னை கிண்டியிலுள்ள தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் இணைப்பைப் பெற்றிருக்க வேண்டும். அரசு செவிலியர் கல்லூரிகள் அரசு மருத்துவக் கல்லூரிகளை ஒட்டி நடைபெறுகின்றன. நம் பக்கத்துக்கு அருகிலுள்ளவை மதுரை, தேனி, சிவகங்கை. 2014-க்குப் பின் தோன்றிய மருத்துவக் கல்லூரிகளோடு சேர்த்து 157 செவிலியர் கல்லூரிகள் நிறுவப்படும் என மத்திய அரசு 2023-ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் அறிவித்தது. 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட விருதுநகர் மருத்துவக் கல்லூரியும் அவ்வகையைச் சேர்ந்ததே. ஆகையால் ஒவ்வோர் ஆண்டும் வெளியாகும் தகவல் தொகுப்பில் விருதுநகரின் பெயரைத் தேடிப் பார்ப்பது நம் கடமை.

அரசுக் கல்லூரியில் கட்டணம் மிகக் குறைவு. ஏழைக் குடும்பம் தாங்கக் கூடியது. அதன் மாணவி பயில்வதோ ஆயிரக்கணக்கான படுக்கைகள் கொண்ட மதுரை மருத்துவமனை போன்ற இடத்தில். காய்கறிக் கடையில் விலை குறைந்தது சொத்தையாக இருக்கக் காண்கிறோம். இந்தப் படிப்பில் விலை குறைந்த இடமே பெரும்பாலும் தரம் மிகுந்த இடமாகவும் இருக்கிறது. பணம் உள்ளவரும் அதையே நாடுவதால் போட்டி கடுமையாகிறது.

இவ்விடங்களுக்குத் தரகர் எவரும் இல்லை. மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி இயக்ககத்தின் தேர்வுக் குழு, பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுக்குப் பின் விண்ணப்பங்களை இணையவழி பெற்று, மதிப்பெண் தரவரிசைப்படியும் இடஒதுக்கீட்டின்படியும் கலந்தாய்வு நடத்துகிறது. தனியார் கல்லூரிகள் அரசுக்கு ஒப்படைக்கும் இடங்களும் இதே கலந்தாய்வில்தான் நிரப்பப்படுகின்றன. அவ்விடங்களுக்குக் கட்டணக் குழு வரையறுத்த தொகைக்கு மேல் கேட்பதற்கு இல்லை. அதே வகுப்பில் அதே பலகையில் அமரும் மற்றொரு மாணவி, தரகர் மூலமாக வந்ததால் மிக அதிகமாகக் கட்டியிருப்பாள். இதை அறியாதவர்கள் நம் கிராமங்களில்தான் மிகுதி. விண்ணப்பத்தின் கடைசி நாளைத் தவறவிடுவதே நம் மக்கள் செலுத்தும் மிகப் பெரிய கட்டணம் என்பேன்.

புதுச்சேரி ஜிப்மரும், படைத்துறைச் செவிலியர் கல்லூரிகளும் நீட் தேர்வு மதிப்பெண்ணைக் கேட்கின்றன. பின்னதில் பெண்களுக்கே இடம். படிப்பு இலவசம், உதவித்தொகையும் உண்டு. முடித்தபின் படையில் பணியாற்ற உறுதிமொழி தர வேண்டும். துணிந்த பெண்களுக்கு இது சிறந்த வாய்ப்பு. நம் வட்டாரத்தில் இதைக் கேள்விப்பட்டவர்களையே நான் அரிதாகக் காண்கிறேன்.

இனி, இவையெல்லாம் பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின் தொடங்குவதாக நினைத்தால் காலம் தவறிவிடும். இயற்பியல், வேதியியல், உயிரியல் பாடங்களையும் ஆங்கிலத்தையும் படித்து, மொத்தத்தில் 45 சதவீதமேனும் பெற்றிருக்க வேண்டும் என்பது விதி. பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கு 40 சதவீதம். ஆகவே முடிவு செய்யும் வேளை பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்த கோடையே. ‘பேருந்து வசதியுள்ள பள்ளியில் வணிகவியல் பிரிவுதான் இருக்கிறது’ என்று சேர்த்துவிட்டு, இரண்டு ஆண்டு கழித்து நர்சிங்கைப் பற்றிக் கேட்கும் பெற்றோர்கள் ஆண்டுதோறும் வருகிறார்கள். அவர்களுக்குச் சொல்ல என்னிடம் விடையில்லை.

பணத்தைப் பற்றி. நம் பகுதியின் வருவாய் சீரானதன்று. தீபாவளிக்கு முந்தைய மாதங்களில் கூலி வரும். தீபாவளி கழிந்ததும் ஆலைகள் சில வாரம் மூடிக் கிடக்கும். மழை பெய்தால் வேலையில்லை. கல்லூரிக் கட்டணமோ இந்தக் கணக்கைப் பார்த்து வருவதில்லை. இடைவெளியை நிரப்பக் கந்துவட்டிக்காரரிடம் போகிறார்கள். வங்கியின் கல்விக் கடன் இதனினும் பன்மடங்கு மேல். ஏழரை லட்சம் ரூபாய் வரை சொத்துப் பிணையின்றிக் கல்விக் கடன் பெற வழியுண்டு. ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்கு உட்பட்ட குடும்பங்களுக்குப் படிப்புக் காலத்து வட்டியை மத்திய அரசு ஏற்கும் திட்டமும் உண்டு. அது எல்லாக் கல்லூரிக்கும் பொருந்தாதாகையால், சேருமுன்னரே வங்கி மேலாளரிடம் கல்லூரியின் பெயரைக் காட்டிக் கேட்டுவிட வேண்டும். அங்கீகாரமற்ற கல்லூரிக்கு வங்கி கடன் தராது. வங்கியின் மறுப்பும் ஒருவகையில் நல்ல எச்சரிக்கையே. பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்க்குக் குடும்ப வருமானம் 2.5 லட்சத்துக்கு உட்பட்டிருந்தால் மேற்படிப்பு உதவித்தொகை உண்டு. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கிற்று.

தனியார் கல்லூரியில் சேர நேர்ந்தால், ‘முதலாண்டுக் கட்டணம்’ என்று ஒரு தொகையைக் கேட்டுவிட்டுத் திரும்பாதீர்கள். நான்கு ஆண்டுக்கும் விடுதி, சீருடை, தேர்வு, பயிற்சிக்குச் செல்லும் பேருந்து ஆகிய அனைத்தும் சேர்த்து எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். எழுதித் தரத் தயங்கும் இடத்தில் பணம் கட்டாதிருப்பது நலம். மூலச் சான்றிதழ்களைக் கல்லூரிகள் பிடித்து வைத்துக்கொள்ளலாகாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் அறிவித்துள்ளது. தரகரின் கையில் அவற்றைக் கொடுப்பதோ, நிலப் பத்திரத்தை வழிப்போக்கரிடம் கொடுப்பதை ஒக்கும்.

ஊராட்சியினர் செய்யக் கூடியது ஒன்று உண்டு. மே 1 கிராம சபை பொதுவாகப் பன்னிரண்டாம் வகுப்பு முடிவு வெளிவரும் நாட்களை ஒட்டி வருகிறது. தெருவிளக்கு, குடிநீர் ஆகியவற்றைப் பேசி முடித்தபின் பத்து நிமிடம் ஒதுக்கி, அவ்வாண்டு தேர்வு எழுதியோரின் பெயர்களைப் படித்து, சாதி, வருமானம், இருப்பிடம், முதல் பட்டதாரி ஆகிய சான்றுகள் எவரிடம் இல்லை என்று கேட்டுக் குறித்துக்கொள்ளலாம். கலந்தாய்வு நெருங்கும்போது இ-சேவை மையத்தில் கூட்டம் நெரியும். அப்போது ஒரு சான்றுக்காக இடத்தை இழந்தவர்கள் உண்டு.

தாயில்பட்டித் தந்தை அன்று முன்பணம் கட்டவில்லை. அவருடைய மகள் விண்ணப்பித்தாள். அரசுக் கல்லூரி இடம் மிகச் சில மதிப்பெண்ணில் கைநழுவிற்று. இரண்டாம் சுற்றில், தனியார் கல்லூரியொன்றில் அரசு ஒதுக்கீட்டு இடம் கிடைத்தது. வங்கிக் கடனில் படிக்கிறாள். சங்கிலி மட்டும் அடகுக்குப் போகத்தான் செய்தது. விடுதி முன்பணத்துக்கு வேறு வழி இருக்கவில்லை. சென்ற மாதம் அவர் மீண்டும் அலுவலகத்துக்கு வந்தார். தம் தெருவில் பத்தாம் வகுப்பு எழுதியிருக்கும் இரண்டு பெண்களுக்கு உயிரியல் பிரிவு எந்தப் பள்ளியில் உண்டு, அங்கே செல்லக் காலையில் எத்தனை மணிக்குப் பேருந்து என்று கேட்டுச் சென்றார்.