பதுங்கும் வைரஸும் எலியனின் மருந்தும்

அன்புள்ள தம்பிக்கு,

ஹெர்பிஸ் கருவிழிப் புண் அசைக்ளோவிரில் ஆறிவிடுகிறது. ஆறிய அதே கண்ணில் சில மாதங்களில் மறுபடி வந்து நிற்கிறது. அப்படியானால் மருந்தில்தான் குறையா என்று கேட்டிருந்தாய். இன்னும் வீரியமான மருந்து வந்தால் தீர்ந்துவிடும் என்று உன் வகுப்பில் பலரும் நம்புகிறார்கள் போலிருக்கிறது. அந்த நினைப்பு தவறு. அசைக்ளோவிர் நல்ல செல்களைக் கெடுக்காமல் இருப்பதற்கும், வைரஸை வேரோடு ஒழிக்க முடியாமல் இருப்பதற்கும் காரணம் ஒன்றே.

முன்பிருந்த நிலைமை தெரிந்தால்தான் இந்த மருந்தின் அருமை புரியும். வைரஸ் பிடித்த மேற்படலத்தைச் சுரண்டி எடுப்பது, அயோடின் தொட்டுத் தீய்ப்பது, ஒரு காலத்தில் கையிலிருந்த வைத்தியம் இவ்வளவுதான். 1959-இல் யேல் பல்கலைக்கழகத்தில் வில்லியம் ப்ருசாஃப், புற்றுநோய்க்கு உதவும் என்று எண்ணி ஐடாக்ஸ்யூரிடினை உருவாக்கினார். 1962-இல் ஹெர்பர்ட் காஃப்மன் அதைக் கண்ணில் சொட்டு மருந்தாக விட்டு, ஹெர்பிஸ் புண் ஆறுவதைக் காட்டினார். வைரஸ் நோய்க்கு மருந்தே கிடையாது என்று மருத்துவர்கள் பலர் நம்பிக்கொண்டிருந்த நேரம் அது. அந்த நம்பிக்கை உடைந்த இடம் கருவிழி என்பதைக் கண் மருத்துவம் படிக்கிறவர்கள் பெருமையோடு சொல்லிக்கொள்ளலாம். ஆனால் வைரஸின் டி.என்.ஏ., நல்ல செல்லின் டி.என்.ஏ. என்ற பேதம் ஐடாக்ஸ்யூரிடினுக்குத் தெரியாது. நாள்பட விட்டால் கருவிழியின் மேற்பரப்பே கெட்டுப்போகும்.

பேதம் தெரிந்த மருந்தான அசைக்ளோவிர் பர்ரோஸ் வெல்கம் நிறுவனத்தில் பிறந்தது. ஹோவர்ட் ஷேஃபர் உருவாக்கிய மூலக்கூறு, ஜெர்ட்ரூட் எலியனின் குழு அதன் செயலை அவிழ்த்துக் காட்டியபோதுதான் முழு மதிப்பைப் பெற்றது. எலியனைப் பற்றி எழுத ஆரம்பித்தால் பேனா நிற்காது, பொறுத்துக்கொள். பதினைந்து வயதில் தாத்தாவைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர் அவர். வேதியியல் படித்து முடித்தும், பெண் என்பதால் ஆய்வு வேலை எளிதில் கிடைக்கவில்லை. பள்ளியில் பாடம் நடத்தினார்; உணவு நிறுவனமொன்றில் ஊறுகாயின் புளிப்பைச் சோதித்தார். 1944-இல் வெல்கத்தில் சேர்ந்தவர், முனைவர் பட்டம் முடிக்காமலேயே 1988-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். பியூரின்களைப் பற்றிய அவருடைய நோபல் உரையைத் தேடிப் படி. ஒரு மூலக்கூறில் ஓரிடத்தை மாற்றினால் என்ன ஆகும் என்று பொறுமையாகக் கேட்டுக் கேட்டு நகரும் மனம் எப்படி இருக்கும் என்பதை எந்தப் பாடநூலும் அப்படிக் காட்டாது.

சரி, மருந்துக்கு வருவோம். அசைக்ளோவிர் செல்லுக்குள் போனதுமே வேலையைத் தொடங்கிவிடுவதில்லை. அதனோடு மூன்று பாஸ்பேட் சேர வேண்டும். முதலாவதைச் சேர்ப்பது வைரஸே தயாரிக்கும் தைமிடின் கைனேஸ் என்ற நொதி. மற்ற இரண்டையும் செல்லின் நொதிகள் பார்த்துக்கொள்ளும். பிறகு அது வைரஸின் டி.என்.ஏ. சங்கிலியில் போய் உட்காரும். அடுத்த கண்ணியை மாட்ட அதில் கொக்கி இல்லாததால் சங்கிலி அங்கேயே நின்றுபோகும். வைரஸ் புகாத செல்லில் முதல் பாஸ்பேட்டே அநேகமாகச் சேராது. அந்தச் செல் தப்பிவிடுகிறது.

இப்போது, புண் ஆறிய பிறகும் வைரஸ் ஒளிந்துகொள்ளும் இடமான முக்கிளை நரம்பின் கணுவை நினைத்துப் பார். அங்கே பதுங்கியிருக்கும் வைரஸ் பெருகுவதில்லை, நொதியும் தயாரிப்பதில்லை. வைரஸின் நொதி இல்லாத இடத்தில் அசைக்ளோவிருக்கு வேலையும் இல்லை. கண்ணில் எத்தனை களிம்பு போட்டாலும் அந்தக் கணுவிலிருக்கும் வைரஸ் அசையாது.

அதற்காகக் கைவிரிக்க வேண்டியதில்லை. அமெரிக்காவில் நடந்த ஹெர்பிஸ் கண்நோய் ஆய்வின் முடிவு 1998-இல் வெளிவந்தது. 703 பேர், ஒரு சாராருக்கு 400 மில்லிகிராம் அசைக்ளோவிர் மாத்திரை, தினம் இருவேளை, ஓராண்டு. அவர்களில் 19 சதவீதத்தினருக்கு நோய் திரும்பியது. மருந்தில்லாத மாத்திரை எடுத்தவர்களில் 32 சதவீதம். கணுவிலிருந்து இறங்கி வந்து பெருகத் தொடங்கும் வைரஸை அந்த மாத்திரை மடக்கியது.

இனிக் கோபம் வரும் விஷயம். கண் சிவந்தால் ‘மெட்ராஸ் ஐ’ என்று தாமே முடிவுகட்டி, மருந்துக்கடையில் ஏதோ ஒரு சொட்டு மருந்தை வாங்கி விட்டுக்கொள்ளும் பழக்கம் நம்மூரில் இன்னும் ஒழியவில்லை. அதில் ஸ்டீராய்டு இருந்தால் சிவப்பு குறையும், நோயாளியும் குணமாகிறது என்று நம்புவார். அதற்குள் ஹெர்பிஸின் மரக்கிளை வடிவப் புண் அகன்று பெரும் புண்ணாகிவிடும். இதைத் தடுக்காத மருத்துவர் யாராக இருந்தாலும் குற்றவாளிதான்! அதே சமயம், ஸ்டீராய்டு என்றாலே விஷம் என்று மனப்பாடம் செய்துவிடாதே. கருவிழியின் மேற்படலத்துக்குக் கீழுள்ள ஸ்ட்ரோமா அடுக்கில் வரும் அழற்சியில் பெரும் சேதம் செய்வது உடலின் எதிர்ப்புசக்தி. அங்கே வைரஸ் எதிர்ப்பு மருந்தின் காவலோடு ஸ்டீராய்டு விட்டு, படிப்படியாகக் குறைக்க வேண்டும். 1994-இல் 106 நோயாளிகளை வைத்து வெளியான ஆய்வில், அழற்சி தொடரும் அபாயத்தை இப்படி விட்ட ஸ்டீராய்டு 68 சதவீதம் குறைத்தது.

எந்த அடுக்கில் நோய் என்று தெரியாமல் மருந்துச்சீட்டு எழுதாதே. ஃப்ளோரசின் சாயமிட்டு நீல ஒளியில் பார்ப்பதை எல்லோரும் செய்கிறார்கள். அதற்கு முன்னால், பஞ்சுத் திரியின் நுனியால் கருவிழியின் உணர்ச்சியை இரு கண்ணிலும் சோதிக்க வேண்டும். அவசரத்தில் விடுபடுவது அதுதான். ஹெர்பிஸ் கண்ணில் உணர்ச்சி மழுங்கியிருப்பது வழக்கம். மரத்துப்போகச் செய்யும் சொட்டு மருந்தை முதலில் விட்டால் அந்தத் தடயம் கிடைக்காது. இதே கண் முன்பும் சிவந்ததா என்று கேட்கவும் மறக்காதே.

அன்புடன்,
உன் பழைய ஆசிரியர்