எத்தனை ஷீட் ப்ளைவுட்? வரைந்த பிறகு வாங்குங்கள்

புத்தக அலமாரி செய்யக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் துண்டுகளின் பரப்பளவைக் கூட்டி, எட்டுக்கு நாலு ஷீட்டின் 32 சதுர அடியால் வகுத்துவிட்டுக் கடைக்குப் போகிறார்கள். கணக்கு சரியாக இருந்தும் பலகை பற்றாமல் போவது இதனால்தான். எந்தத் துண்டு ஷீட்டில் எங்கே உட்காரும் என்று வரைந்து பார்த்தால்தான் எத்தனை ஷீட் தேவை என்பது தெரியும்.

முதலில் துண்டுப் பட்டியல். 6 அடி உயரம், 3 அடி அகலம், 1 அடி ஆழத்தில் 18 எம்.எம். ப்ளைவுட்டில் ஓர் அலமாரி என்று வைத்துக்கொள்வோம். பக்கப் பலகைகள் இரண்டு, 1829 எம்.எம். நீளம். அவற்றின் நடுவே மேல், கீழ், நான்கு தட்டு என ஆறு பலகைகள். 3 அடி என்பது 914 எம்.எம்.; இரு பக்கத் தடிமன் 36 போக ஒவ்வொன்றும் 878. மொத்தம் 29 சதுர அடிக்குச் சற்று மேல். ஒரு ஷீட் தாராளம் என்றே தோன்றும்.

அடுத்து, 2440-க்கு 1220 எம்.எம். செவ்வகம் வரையுங்கள். ரம்பம் ஒவ்வொரு வெட்டுக்கும் சுமார் 3 எம்.எம். தின்னும். 305 எம்.எம். ஆழத்தில் நான்கு பட்டை, மூன்று வெட்டு என்றால் 1229, ஷீட்டில் அடங்காது. ஆழத்தை 300 ஆக்கினால் 1209, அடங்கிவிடும். முதல் வெட்டைக் குறுக்கே 1829-இல் போட்டு, அந்தப் பகுதியை நான்கு பட்டையாக அறுத்தால் இரண்டு பக்கப் பலகைகள் ஆகும். மற்ற இரண்டு பட்டைகளில் நான்கு தட்டுகள் கிடைக்கும். மீதமுள்ள 608 எம்.எம். துண்டில் மேல், கீழ்ப் பலகைகள் வந்துவிடும். ஆழத்தில் 5 எம்.எம். குறைத்ததில் ஒரு முழு ஷீட் மிச்சம்.

சேதாரத்துக்குப் பத்து சதவீதம் கூட்டினால் போதாதா என்று கேட்கலாம். இந்த அலமாரிக்கு அப்படிக் கூட்டினால் 32-ஐத் தாண்டி, தேவையில்லாமல் இரண்டாவது ஷீட் வாங்க வைக்கும். 30 அங்குல அகலம், 7 அடி நீளத்தில் மூன்று கதவுகளுக்கோ, பத்து சதவீதம் சேர்த்தும் 58 சதுர அடிக்குள்தான் வரும்; இரண்டு ஷீட் போதும் என்று தோன்றும். ஆனால் 48 அங்குல அகலத்தில் ஒரு கதவுதான் அடங்கும் என்பதால் மூன்று ஷீட் வேண்டும். சதவீதத்துக்குத் துண்டின் வடிவம் தெரியாது.

அனுபவமுள்ள ஆசாரி பார்த்ததுமே சொல்லிவிடுவாரே என்பதும் உண்மைதான். அவர் மனதுக்குள் வரைகிறார். காகிதத்தில் இருந்தால் நீங்களும் அவரும் பேசி முடிவெடுக்கலாம். மேலே சொன்ன வரைவில் மேல், கீழ்ப் பலகைகளின் ரேகை குறுக்கே ஓடும். மைக்கா ஒட்டினால் அது தெரியாது. ரேகை தெரியப் பாலிஷ் போடுவதானால் இரண்டாவது ஷீட் நியாயமான செலவு.

மரச் சட்டத்துக்கும் இதே முறைதான். அகலம், தடிமன் அங்குலத்தில், நீளம் அடியில் பெருக்கி 144-ஆல் வகுத்தால் கன அடி. 7 அடி நீளமுள்ள 5-க்கு 3 நிலைக்கால் சுமார் 0.73 கன அடி. அது விலையைச் சொல்லுமே தவிர, இரண்டு மூன்றரை அடித் துண்டுகளில் ஒரு நிலைக்காலை எடுக்க முடியாது என்பதைச் சொல்லாது. அதனால் கன அடியோடு நீளப் பட்டியலையும் கடைக்கு எடுத்துச் செல்லுங்கள். இழைப்பில் தேயும் தடிமனையும் சேர்த்தே கேளுங்கள்.