மழைக்காலத்தில் ஏ.சி. வெளிப்பெட்டி

பேரீச்சை, முந்திரி, நெய், சாக்லேட் போன்ற சரக்குகளுக்காக நம்மில் பலர் கடையிலோ கிட்டங்கியிலோ ஓர் அறைக்கு ஏ.சி. போட்டிருக்கிறோம். ஐப்பசியில் மழை பிடித்ததும் அதை நிறுத்திவிடுகிறோம். பிறகு மாசி வரை யாரும் அதன் பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை. மெக்கானிக்குகள் அவுட்டோர் என்று சொல்லும் வெளிப்பெட்டி கெடுவது இந்த மாதங்களில்தான். விலை மிகுந்த கம்ப்ரஸர் அதற்குள்தான் இருக்கிறது.

நனையக் கூடாதே என்று தார்ப்பாயைச் சுற்றிக் கயிறு போட்டு இறுகக் கட்டிவிடுகிறோம். இது கூடாது. அந்தப் பெட்டி மழையில் நிற்பதற்கென்றே செய்யப்பட்டது. விழும் நீர் அடித்தகட்டுத் துளைகள் வழியே வடிந்துவிடும். இறுகக் கட்டினால் பகல் சூட்டில் உள் ஈரம் ஆவியாகி இரவில் பாயின் உட்புறம் துளித்து நிற்கும். பாலிதீன் போர்த்திய சர்க்கரை மூட்டை வியர்ப்பதை அறியாதவர் நம்மில் உண்டா? அதே கதைதான். திருகுகளும் அடித்தகடும் துருவேறிவிடும்.

இதைவிடப் பெரிய தொல்லை எலி. தானியம் இருக்கும் இடத்தில் எலி இருக்கும். கட்டிய பெட்டியோ அதற்கு மழை படாத வீடு. ஒயரைக் கடித்துவிட்டால், கோடையில் சுவிட்சைப் போடும்போதுதான் நமக்குத் தெரியவரும்.

ஆகவே மேற்புறத்துக்கு மட்டும் ஒரு தகடு போதும். நான்கு பக்கமும் காற்றுப் போகட்டும். மூடுவதற்கு முன் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, தகடுகளில் படிந்த மாவுத்தூள், மிளகாய்த்தூளை மெல்லிய நீரால் கழுவ வேண்டும். விட்டுவைத்தால் மழை ஈரத்தில் களியாகி இறுகிவிடும். வேகமாகப் பீய்ச்சினால் அலுமினியத் தகடுகள் மடங்கிப்போகும். தூத்துக்குடி, நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்க்காரர்கள் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும். செம்புக் குழாயும் அலுமினியமும் சேருமிடத்தில் உப்பு ஈரம் பட்டால் அலுமினியம் அரித்துப்போகும். பெட்டியைத் திறக்கும் வேலை மட்டும் மெக்கானிக்குடையது. மின்சாரத்தை நிறுத்திய பிறகும் கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும்.

சும்மா கிடக்கிறதே என்று காலிச் சாக்கையும் அட்டைப்பெட்டியையும் அதன்மேல் அடுக்குவது நம் கடைகளுக்கே உரிய பழக்கம். இடநெருக்கடி நமக்கும் தெரியும். ஆனாலும் வேண்டாம். இன்று பல பெட்டிகளில் உள்ள ஆர்-32 வாயு ஓரளவு தீப்பற்றக்கூடியது.

குழாய் சுவருக்குள் நுழையும் துளையையும் பாருங்கள். எலி கடைக்குள் வர அதுவே ராஜபாட்டை. நாம் பாத்திரம் துலக்க விற்கிற ஸ்டீல் கம்பி நாரைத் திணித்து, மேலே சிமெண்டு பூசினால் மழைநீரும் வராது, எலியும் வராது.

மூடுகிறவர் ஒருவர், மாசியில் சுவிட்சைப் போடுகிறவர் வேறொருவர். பாயோ சாக்கோ காற்றை மறைத்திருக்க ஓட்டினால் சூடு வெளியேறாமல் கம்ப்ரஸர் திணறும். "வெளிப்பெட்டியைப் பார்த்த பிறகே போடவும்" என்று ஒரு சீட்டு எழுதி, அணைத்த அன்றே சுவிட்சின் மேல் ஒட்டிவிடுங்கள்.