மாலைச் சிற்றுண்டி: ஒரு மாற்று

மாலையில் முறுக்குத் தட்டு வரும்போது, நீரிழிவு நோயுள்ள தந்தையோ பாட்டியோ “எனக்கு வேண்டாம்” என்று ஒதுங்கி அமர்வதைப் பல வீடுகளில் காண்கிறோம். இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் இந்நோய் உள்ளதென 2023-இல் வெளியான ஆய்வொன்று மதிப்பிட்டது. அவர்களும் நம்மோடு சேர்ந்து உண்ணத்தக்க காரப் பண்டம் வேர்க்கடலைக் கலவையாகும்.

100 கிராம் அரிசி மாவில் ஏறத்தாழ 80 கிராம் கார்போஹைட்ரேட் உண்டு. அதே எடையுள்ள வேர்க்கடலையில் 16 கிராம்தான். அதிலும் பாதியளவு நார்ச்சத்து. புரதமோ சுமார் 25 கிராம்.

தேவையான பொருள்கள் (மூவருக்கு): வேர்க்கடலை 100 கிராம், சின்ன வெங்காயம் 5, வெள்ளரிக்காய் பாதி, பச்சை மிளகாய் 1, எலுமிச்சை அரை மூடி, கொத்துமல்லி, மிளகுத்தூள், உப்பு.

செய்முறை: பூஞ்சை பிடித்த, சுருங்கிய கடலைகளைப் பொறுக்கி எறிந்துவிட வேண்டும், அவற்றில் அஃப்ளடாக்சின் என்னும் நஞ்சு இருக்கக்கூடும். மற்றவற்றை இளந்தீயில் வறுத்து, நன்கு சிவப்பதற்குச் சற்று முன்பே இறக்குக. உள்ளிருக்கும் சூட்டிலேயே மேலும் சிவக்கும். ஆறியபின் தோல் நீக்கி, பொடியாக நறுக்கியவற்றைச் சேர்க்கவும். உப்பையும் எலுமிச்சைச் சாற்றையும் பரிமாறும்போதே கலக்க வேண்டும். முன்னரே கலந்தால், உப்பு வெள்ளரியின் நீரை வெளியே இழுத்துக் கடலையை நமுக்கச் செய்துவிடும்.

கொழுப்பு மிகுந்ததாகையால் ஆளுக்கு ஒரு கைப்பிடி போதும். வேர்க்கடலை ஒவ்வாதவர்கள் இதை அறவே தவிர்க்க வேண்டும்.

நோயாளிக்கெனத் தனியே செய்யாமல், வீட்டார் அனைவரும் இதையே உண்போமாயின், ஒருவர் மட்டும் ஒதுங்கி அமரும் நிலை நீங்கும்.