கையோடு ஒரு கேமரா... எதை வாங்கலாம்?

'சித்த வைத்தியருக்கும் கேமராவுக்கும் என்ன சம்பந்தம்? கஷாயம், சூரணம்னு எழுதுவார்னு பார்த்தா லென்ஸ், ஃபிலிம்னு ஆரம்பிச்சுட்டாரே!' என்று நினைக்கிறீர்களா? சம்பந்தம் இருக்கிறது.

சர்க்கரை, ரத்த அழுத்தம், மூட்டு வலி என்று வருகிறவர்களிடம் சித்த வைத்தியர், அலோபதி டாக்டர் யாராக இருந்தாலும் தவறாமல் சொல்லும் வார்த்தை ஒன்று உண்டு: 'தினமும் நடங்க.' பெரியவர்கள் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடலுழைப்பு செய்யவேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது. கேட்கிறவர்கள் தலையாட்டுவார்கள். புது ஷூ வாங்குவார்கள். ஒரு வாரம் நடப்பார்கள். எட்டாம் நாள், 'போரடிக்குது சார்... அதே தெரு, அதே பார்க்' என்று டி.வி. முன்னால் உட்கார்ந்து விடுவார்கள்!

இவர்களுக்குக் காலில் தெம்பு இருக்கிறது. வாசலைத் தாண்ட ஓர் ஆசைதான் இல்லை. அந்த ஆசை சிலருக்குக் கோயிலால் வரும், சிலருக்கு அரட்டைத் தோழர்களால் வரும். கையில் ஒரு சின்னக் கேமரா இருந்தாலும் வரும். இதை நான் சொன்னதுமே அடுத்த கேள்வி தயாராக வரும்: 'எந்தக் கேமரா வாங்கலாம் டாக்டர்?'

முடிவை முதலிலேயே சொல்லி விடுகிறேன். கல்யாண வீடியோ எடுக்கிற தொழிலா உங்களுக்கு? அப்படியென்றால் வசதி பார்த்து வாங்குங்கள். தினமும் கையோடு கொண்டுபோகும் கேமரா என்றால், ஆசை பார்த்து வாங்குங்கள்!

வசதிதான் வேணும்னா, செல்போன் போதுமே!

வசதி என்று பார்த்தால் செல்போனை அடிக்க ஆளில்லை. எப்போதும் பையிலேயே இருக்கிறது. எடுத்த படம் அடுத்த நிமிடமே அமெரிக்காவில் இருக்கும் பேத்திக்குப் போய்ச் சேருகிறது. தனியாகச் செலவும் கிடையாது.

ஆனால் ஒன்று கவனித்தீர்களா? வேப்பம்பூவைப் படம் எடுக்கலாம் என்று போனை எடுப்பீர்கள். அதற்குள் மின்சாரக் கட்டணச் செய்தி வரும், மாமா அனுப்பிய வணக்கம் வரும், யாரோ யாரையோ திட்டுகிற வீடியோ வரும். தலை நிமிரும்போது பத்து நிமிடம் போயிருக்கும். பூ அப்படியே இருக்கும், படம் மட்டும் இருக்காது!

கேமராவுக்கு ஒரே வேலைதான். பார்ப்பது. அதைக் கையில் எடுத்தால் நாமும் பார்க்க ஆரம்பிக்கிறோம். நாள் முழுக்க ஓர் அடி தூரத்தில் திரையை வெறிக்கும் கண்ணுக்கு மரக்கிளை, தெருமுனை, வானம் என்று தூரத்தில் பார்ப்பதே ஓய்வு. திரையைப் பார்க்கும்போது கண் சிமிட்டுவது குறைந்து கண் உலர்ந்து போகிறது. அதனால்தான் 20 நிமிடத்துக்கு ஒரு தடவை 20 அடி தூரத்தில் உள்ளதை 20 விநாடியாவது பாருங்கள் என்கிறார்கள் கண் மருத்துவர்கள்.

பீரோவில் தூங்கும் கேமரா

ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி ஒருவர். வயது 63, சர்க்கரை உண்டு. அவருடைய மகன் எல்லா வசதியும் பார்த்துப் பெரிய கேமரா ஒன்று வாங்கித் தந்தார். இரண்டு லென்ஸ், ஸ்டாண்டு, தோள்பை எல்லாம் சேர்த்து இரண்டு கிலோவுக்கு மேல். திருவிழாவுக்கு இரண்டு தடவை தூக்கிக்கொண்டு போனார். கழுத்து பிடித்துக்கொண்டது. கேமரா பீரோவுக்குப் போனது, அவர் சாய்வு நாற்காலிக்கு வந்தார்.

பிறகு அவராகவே ஒரு பழைய சின்னக் கேமராவைச் செகண்ட் ஹேண்டில் வாங்கினார். 'ஸூம்கூட இல்லையேப்பா, இதுக்குப் போய்க் காசா?' என்று மகனுக்கு வருத்தம். இவருக்கோ அதன் திருகைத் திருப்பும்போது வரும் 'டிக் டிக்' சத்தமே பிடித்துப் போயிற்று. என்ன படம் எடுக்கிறார் தெரியுமா? தெருவில் போடும் கோலங்கள்! வண்டியும் காலும் பட்டு அழிவதற்கு முன்னால் எடுக்கவேண்டுமே... அதனால் காலை ஆறரைக்குள் வீட்டை விட்டுக் கிளம்பி விடுகிறார். மார்கழியில் நாலு தெரு கூடுதலாகவே சுற்றினார். மருந்தும் பத்தியமும் பழையபடியே தொடர்கின்றன. விட்டுப்போன நடை திரும்பி வந்திருக்கிறது.

மகன் வாங்கியது நல்ல கேமரா, அதில் சந்தேகமில்லை. ஆனால் பீரோவில் இருக்கும் நல்ல கேமராவைவிடக் கையில் இருக்கும் சுமாரான கேமரா மேல்.

ஆஸ்துமாவால் பிறந்த கேமரா

சின்னக் கேமரா பிறந்த கதையிலேயே ஒரு நோயாளி இருக்கிறார். ஜெர்மனியில் வெட்ஸ்லர் என்ற ஊரில் லைட்ஸ் கம்பெனியில் வேலை பார்த்த ஆஸ்கர் பர்னாக் என்பவர்தான் அவர். அவருக்குப் படம் எடுக்கவும் ஆசை, காடு மேடெல்லாம் நடக்கவும் ஆசை. ஆனால் ஆஸ்துமா! அந்தக் காலக் கேமராவோ கண்ணாடித் தகடுகளும் ஸ்டாண்டுமாக ஒரு மூட்டை. அதைச் சுமந்தால் மூச்சு வாங்கும். சினிமாவுக்குப் பயன்படும் 35 மி.மீ. ஃபிலிமைப் போட்டுக் கைக்கு அடக்கமான ஒரு கேமராவை 1914 வாக்கில் அவர் செய்து பார்த்தார். 1925-ல் அது 'லைகா' என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது.

பிரெஞ்சுக்காரரான ஹென்றி கார்ட்டியே-பிரெஸோன் 1930-களில் அந்த லைகாவை வாங்கினார். பளபளக்கும் இடங்களைக் கறுப்பு டேப் ஒட்டி மறைத்துவிட்டு, பெரும்பாலும் 50 மி.மீ. லென்ஸ் ஒன்றை வைத்தே உலகம் சுற்றினார். 1950 ஏப்ரலில் ரமண மகரிஷி முக்தி அடைந்த சமயத்தில் திருவண்ணாமலையில் இருந்து படம் எடுத்தவர் இவர்தான். பெட்டி நிறைய லென்ஸ் அவருக்குத் தேவைப்படவில்லை.

நம் வீடுகளில் இருந்த ஆக்ஃபா கிளிக் 3 ஞாபகம் இருக்கிறதா? ஒரு ரோலுக்கு 12 படம்தான். அதனால் 'இரு இரு... அசையாதே' என்று நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் அப்பா பட்டனை அமுக்குவார்!

ஆராய்ச்சி என்ன சொல்கிறது?

2014-ல் லிண்டா ஹென்கெல் என்ற அமெரிக்க உளவியலாளர் ஓர் ஆய்வை வெளியிட்டார். அருங்காட்சியகத்தில் ஒரு பொருளை முழுசாகப் படம் எடுத்துக்கொண்டு நகர்ந்தவர்களுக்கு, சும்மா பார்த்தவர்களைவிட அந்தப் பொருள் குறைவாகத்தான் ஞாபகம் இருந்தது. ஆனால் அதில் ஒரு பகுதியை மட்டும் நெருக்கிப் பார்த்துப் படம் எடுத்தபோது ஞாபகம் அப்படிக் குறையவில்லை.

2016-ல் கிறிஸ்டின் டீலும் அவருடைய சகாக்களும் வெளியிட்ட ஆய்வுகளில், படம் எடுத்துக்கொண்டே ஓர் அனுபவத்தில் ஈடுபட்டவர்கள் பல சமயங்களில் அதைக் கூடுதலாக ரசித்தது தெரிந்தது. ஆனால் படம் எடுப்பதே இடைஞ்சலாகிவிட்டால் அந்த ரசனை கூடுவதில்லை.

ஆகவே சும்மா 'க்ளிக்' செய்வதில் பயனில்லை. நின்று பார்க்க வைக்கிற, இடைஞ்சல் செய்யாத கேமராவாக இருக்கவேண்டும்.

வாங்கும் முன் ஐந்து சோதனை

சித்த மருத்துவத்தில் நாடி, பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் என்று எண்வகைத் தேர்வு உண்டு. அதில் பரிசம் என்பது தொட்டு அறிவது. கேமராவையும் தொட்டுப் பார்க்காமல் வாங்கக் கூடாது. கடைக்கு நேரில் போங்கள்.

1. எடை: பேட்டரியோடு சேர்த்து எடை கேளுங்கள். கழுத்தெலும்புத் தேய்வு உள்ளவர்கள் 300 கிராமுக்குள் பார்ப்பது நல்லது. அரை கிலோ வரை போனால் கழுத்தில் தொங்கவிடாமல் தோளின் குறுக்காக வார் போட்டு மாட்டுங்கள்.

2. கண்: நாற்பதைத் தாண்டினால் பலருக்கும் வெள்ளெழுத்து. கேமராவின் பின்பக்கத் திரையைப் பார்க்கக் கண்ணாடி தேடவேண்டும். உச்சி வெயிலில் திரையே தெரியாது. கண்ணை வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் இருந்தால் இந்தத் தொல்லை குறைவு. அதன் பக்கத்தில் நம் பார்வைக்கு ஏற்பத் திருப்பும் சின்னச் சக்கரம் இருக்கிறதா என்று கேளுங்கள்.

3. கை: பட்டன்கள் விரலுக்கு அகப்படுகின்றனவா? விரல் மூட்டு வலி உள்ளவர்களுக்குக் குட்டிப் பட்டன் பெரிய இம்சை. கை நடுக்கம் உள்ளவர்கள், நடுக்கத்தை ஈடுகட்டும் வசதி உள்ளதாகப் பாருங்கள். முழங்கையை விலாவோடு ஒட்டி, மெதுவாக மூச்சை விட்டபடி எடுத்தால் பாதி ஆட்டம் நின்றுவிடும்.

4. நேரம்: பையிலிருந்து எடுத்து முதல் படம் எடுக்க எவ்வளவு நேரம் ஆகிறது? 1979-ல் வந்த ஒலிம்பஸ் எக்ஸ்ஏ கேமராவுக்குத் தனி உறையே வேண்டாம். மூடியைத் தள்ளினால் லென்ஸ் தயார். அந்த மாதிரி இருக்கவேண்டும்.

5. மனசு: இதுதான் முக்கியமான சோதனை. கேமராவைக் கடையிலேயே வைத்துவிட்டு வெளியே வந்து ஒரு டீ சாப்பிடுங்கள். 'இன்னொரு தடவை கையில் எடுத்துப் பார்க்கணும்' என்று தோன்றுகிறதா? அதன் சத்தம், உருவம், கைக்குள் அடங்கும் விதம் எது பிடித்திருந்தாலும் சரி. தோன்றவில்லை என்றால், எத்தனை மெகாபிக்சல் இருந்தாலும் வேண்டாம்!

யாருக்கு எது?

சட்டைப்பையில் போட்டு மறந்துவிட ஆசைப்படுகிறவர்களுக்கு ரிக்கோ ஜிஆர் வகை. 2019-ல் வந்த ஜிஆர் 3-ன் எடை சுமார் 257 கிராம்தான். ஸூம் கிடையாது, வியூஃபைண்டரும் கிடையாது. கண் தெளிவாக உள்ளவர்களுக்கு ஏற்றது.

பழைய காலத்துக் கேமரா மாதிரி திருகித் திருகி ரசிக்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஃபூஜி எக்ஸ்100 வகை. 2024-ல் வந்த மாடல் சுமார் 521 கிராம். வியூஃபைண்டர் உண்டு. கழுத்து வலி உள்ளவர்கள் யோசிக்கவேண்டும். விலையையும் யோசிக்கவேண்டும்!

நிதானம் பழக விரும்புகிறவர்களுக்கு ஃபிலிம். ஒரு ரோலுக்கு 36 படம் என்பதால் ஒவ்வொன்றையும் பார்த்துப் பார்த்து எடுப்பீர்கள். ஒரு ஃபிரேமில் பாதி மட்டும் எடுக்கும் பென்டக்ஸ் 17 என்ற புதுக் கேமராவும் 2024-ல் வந்தது. அதில் 72 படம் எடுக்கலாம். ஆனால் ஃபிலிம், கழுவுதல் என்று மாதாமாதம் செலவு உண்டு.

காசு செலவழிக்க மனமில்லையா? பதினைந்து, இருபது வருஷத்துக்கு முன்னால் வாங்கிய குட்டி டிஜிட்டல் கேமரா எங்காவது கிடக்கும். பேட்டரி சார்ஜ் ஏறுகிறதா, மெமரி கார்டு வேலை செய்கிறதா என்று பாருங்கள். முதலில் அதிலேயே ஆரம்பிக்கலாம். பெரிய கேமரா இருக்கிறவர்கள் இருப்பதிலேயே சின்ன லென்ஸ் ஒன்றை மட்டும் மாட்டி, மற்றதை வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள்.

எதுவானாலும் கடன் வாங்கி வாங்காதீர்கள். தவணையில் வாங்கிய சந்தோஷம் கடைசித் தவணை வரைகூட வராது!

ஒரு மண்டலம் பழகுங்கள்

மருந்தை ஒரு மண்டலம், அதாவது 48 நாள் சாப்பிடச் சொல்கிறோம் இல்லையா? கேமராவுக்கும் அதே கணக்கு வையுங்கள். தினம் அரை மணி நடை, ஐந்தே படம். முதல் வாரம் கதவுகள், அடுத்த வாரம் நிழல்கள், பிறகு தெருவில் உழைக்கிறவர்களின் கைகள் என்று வாரம் ஒரு விஷயம் வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி வீட்டாரோடு உட்கார்ந்து அந்த ஐந்தையும் பாருங்கள். 'இந்தக் கதவு எந்தத் தெருவுல இருக்கு?' என்று பேச்சு கிளம்பும். வீட்டில் பேச்சு குறைந்துபோன பெரியவர்களுக்கு இது மிகவும் அவசியம்.

பத்தியமும் உண்டு!

* சூரியனை வியூஃபைண்டர் வழியாகப் பார்க்கக் கூடாது. கண்ணின் விழித்திரை பாதிக்கப்படும்.

* நடந்துகொண்டே எடுக்காதீர்கள். பின்பக்கமாக நகர்ந்தும் எடுக்காதீர்கள். வயதானவர்கள் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் எழுந்து நடக்கப் பல மாதம் ஆகும். நில்லுங்கள், எடுங்கள், நடங்கள்.

* சர்க்கரை உள்ளவர்கள் செருப்பில்லாமல் இறங்காதீர்கள். மருந்து, இன்சுலின் எடுப்பவர்கள் கையில் இனிப்பு ஏதாவது வைத்திருங்கள். நடக்கும்போது நெஞ்சு இறுக்கமோ மூச்சுத் திணறலோ வந்தால் உடனே டாக்டரைப் பாருங்கள்.

* மனிதர்களைக் கேட்டுவிட்டு எடுங்கள். குழந்தை என்றால் பெற்றோரைக் கேளுங்கள்.

* கடலோர ஊர்க்காரர்கள் தோல் உறையில் போட்டு மூடி வைக்காதீர்கள். ஈரத்தில் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வையுங்கள். தினமும் எடுத்துப் புழங்குவது அதைவிட நல்லது.

கேமரா எந்த நோயையும் தீர்க்காது. மருந்தை நிறுத்திவிட்டுக் கேமராவைத் தூக்காதீர்கள். ஆனால் மருந்து வேலை செய்ய நடையும், நடை நிலைக்க ஆசையும் வேண்டும். அந்த ஆசையைத் தருகிற கேமரா எதுவோ, அதுவே உங்களுக்கு ஏற்ற கேமரா. இந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் ஐந்து படம் எடுத்துப் பாருங்களேன்!